காசு போட்டுப் பார்த்தல்

பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள்.
அலுமாரிக் கதவின் உட்பக்கம்
ஒட்டி வைத்திருக்கிறேன்
பார்ப்பதற்கு இங்கிலீஷில் உள்ள சொற்களை.

செக். அது பழகியதுதான்,
செக்ரோலில் அம்மாவின் பெயருக்கு நேரே
இரண்டு கிலோ குறைந்ததற்கு
அரைப்பேர் விழுந்த நாளிலிருந்தே.
இன்ஸ்பெக்ட் என்றால் துரையின் ஜீப்.
எக்ஸாமின் என்றால் டிஸ்பென்சரி,
நாக்கை நீட்டு, மூச்சை இழு, பனடோல் இரண்டு.
ஸ்கேன், பதுளை ஆஸ்பத்திரியின் நீள வாங்கு.
ஸ்க்ரூட்டினைஸ்
வாயில் கூழாங்கல்லோடு பேசுவதுபோல் இருக்கிறது.
அடையாள அட்டைக்குப் போன அன்று
என் பெயரில் ஓர் எழுத்து கூடுதலென்று
மூன்று மேசைக்கு அலையவிட்டார்களே,
அதுவாக இருக்கலாம்.

எங்கள் லயத்துச் சுவர் வெடித்தபோது
பார்க்க வந்தவர்களுக்கு
நான்தான் மொழிபெயர்த்தேன்.
ருவந்தி ஹேரத் மேடம் நல்லவர்.
சேறு அப்பிய சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான்
தொங்கல் காம்பராவுக்குள் நுழைந்தார்.
தங்கவடிவு அக்கா கொடுத்த பிளேன்டீயை
மிச்சம் வைக்காமல் குடித்தார்.
வெடிப்பின் குறுக்கே
விரல் நீளக் கண்ணாடித் துண்டொன்றை ஒட்டி
பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதி
இது உடைந்தால் அறிவியுங்கள் என்றார், சிங்களத்தில்.

அறிக்கை இங்கிலீஷில் வந்தது.
மொனிட்டர் என்று ஒரு சொல்.
வகுப்பு மொனிட்டரா என்று கேட்டார் அக்கா.
இல்லை, விடாமல் கவனித்துக்கொண்டே இருப்பது என்றேன்.
யார் என்று கேட்டார்.
திரும்ப வாசித்தேன்.
அந்த வாக்கியத்துக்குள் ஆளே இல்லை.

கண்ணாடி ஒன்பதாம் நாள் உடைந்தது.
அறிவித்தோம்.
வெரிஃபை செய்யவேண்டும் என்றார்கள்.
பிறகு அசெஸ்.
பிறகு ரிவியூ. அதற்குள் ஒரு தேர்தல் வந்து போனது.
என் பட்டியல்
கதவை நிறைத்து அடித்தட்டுவரை இறங்கிவிட்டது.

அக்காவிடம் இருந்தது ஒரே சொல். பார்.
அதையே காதுக்கும் கொடுப்பார், கைக்கும் கொடுப்பார்.
சுவரைத் தட்டிப் பார்த்தார்.
கன்னத்தை ஒட்டிவைத்துக் கேட்டுப் பார்த்தார்.
மழை விட்டதும்
கோடிப்புறத்து மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தார்.
ஒருநாள் ரெண்டு ரூபாய்க் காசை எடுத்து
வெடிப்பில் வைத்துப் பார்த்தார். நுழையவில்லை.
தீபாவளி முன்பணம் வந்த வாரம்
நுழைந்து பாதியில் நின்றது.
மார்கழியில்
முதுகோடு முதுகு ஒட்டி ரெண்டு காசு.

போன வெள்ளிக்கிழமை
பீலியில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது.
இரவு அக்கா எழுந்து
காசை வெடிப்பில் போட்டிருக்கிறார்.
விழுந்த சத்தம் கேட்கவில்லை.

பன்னிரண்டு காம்பராக் கதவும் தட்டப்பட்டது.
இல்லை, தட்டப்படவில்லை,
தங்கவடிவு அக்கா தட்டினார்.
பிள்ளைகளையும் கோழிகளையும் அடகுச் சீட்டுகளையும்
அணைத்துக்கொண்டு
பிள்ளை மடுவத்தில் குந்தியிருந்தோம்.
சின்னராசு அண்ணன் விடியும்வரை திட்டினார்,
ரெண்டு ரூபாய்க்கு
ஊரையே எழுப்பிவிட்டாளே என்று.

விடிந்தது.
பனி விலக, முதலில் கூரைத் தகரம் தெரிந்தது.
பிறகு கொடியில் என் மஞ்சள் துவாய்.
லயம் வைத்த இடத்தில் நின்றது.
பிந்திப் போனதால் பிரட்டில்
எல்லோருக்கும் அரைப்பேர்.
பீலிக்கரையில் இரண்டு நாள்
அக்காவோடு ஒருவரும் பேசவில்லை, நானும்தான்,
தூக்கம் கெட்ட கோபம்.

இன்றைக்கு மாதிரி வினாத்தாள்.
பத்தாம் கேள்வி, கோடிட்ட இடம்.
அவர் சுவரைக் கவனமாகப் புள்ளி புள்ளி புள்ளி.
கீழே நான்கு சொற்கள்,
நான்கும் என் கதவில் இருப்பவைதான்.

பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.
அடுத்த காம்பராவில் டோர்ச் வெளிச்சம் நகர்கிறது.
அக்கா சுவரோரம் குனிந்து
அந்த ரெண்டு ரூபாயை
இன்னமும் தேடிப் பார்க்கிறார்.